ஈட்டி மரமும் ஒரு நல்ல கிடாரும்

நல்ல அக்கூஸ்டிக் கிடார் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குள் நுழைந்தால், விலை ஏற ஏறக் கடைக்காரர் வாயில் ஒரு வார்த்தை அடிக்கடி வரும். "ரோஸ்வுட் சார், முழுக்க ரோஸ்வுட்!" நாமும் பெரிதாகப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். கருஞ்சிவப்பில் வரிவரியாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்.

அந்த ரோஸ்வுட் வேறொன்றும் இல்லை நண்பர்களே, நம்ம ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். கூடலூர், வயநாடு, ஆனைமலைப் பக்கத்துக் காடுகளில் வளர்வது. பழைய வீடுகளில் தாத்தா காலத்துக் கட்டிலோ, நாலு ஆள் சேர்ந்தாலும் நகராத அலமாரியோ இருந்தால் அது பெரும்பாலும் தேக்கு, இல்லையென்றால் ஈட்டி. கட்டிலாகக் கிடந்த மரம் அமெரிக்கக் கிடாரின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது எப்படி? அதற்காக நாம் கொடுக்கும் கூடுதல் காசு காதுக்கா, கண்ணுக்கா? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கிடாரைப் பற்றிக் கொஞ்சம். கம்பியைத் தட்டினால் அந்த அதிர்வு பிரிட்ஜ் வழியாக முன்பலகைக்குப் போகிறது. முன்பலகைதான் காற்றைத் தள்ளிச் சத்தம் உண்டாக்குகிறது. அது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்தேசத்து ஊசியிலை மரம், சில கிடார்களில் சீடார். தடிமன் 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து அந்த மெல்லிய பலகையை ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஆளின் எடை! பலகை பிய்ந்து வராமல் இருக்க உள்பக்கம் மரச்சட்டங்கள் ஒட்டியிருப்பார்கள். கனமாக ஒட்டினால் கிடார் உழைக்கும், ஆனால் ஊமையாகிவிடும். மெலிதாக ஒட்டினால் பாடும், ஆனால் சில வருடங்களில் வயிறு தள்ளிவிடும். நல்ல கிடார் செய்வது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான்.

முதுகும் பக்கங்களும்தான் ரோஸ்வுட். அவற்றின் வேலை என்ன என்பதில்தான் வழக்கே.

இந்த வழக்கை முதலில் விசாரித்தவர் ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). இன்றைய கிளாசிக்கல் கிடாரின் அளவையும் வடிவையும் நிலைநிறுத்தியவர் அவர்தான். சத்தத்துக்கு முன்பலகையே முக்கியம் என்பது அவருடைய கட்சி. வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் 1862ல் ஒரு கிடார் செய்தார். முன்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ். முதுகும் பக்கங்களும் வெறும் அட்டை! ஆமாம், காகித அட்டை. அதை வாசிக்கக் கேட்டவர்கள் நன்றாக ஒலித்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். இப்போது அது பார்சிலோனாவில் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு கிடார் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த ஆள் இவர். சந்தேகம் வந்தால் செய்து பார்த்துவிடுவது என்ற குணம் எத்தனை பேருக்கு வரும்?

ஆனால் உலகம் அட்டைக் கிடார் வாங்கவில்லை. அழகான மரம்தான் கேட்டது.

ஜெர்மனியில் 1796ல் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் மார்ட்டின் தச்சர் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய ஊரில் வயலின் செய்பவர்களின் சங்கம், "கிடார் செய்வது எங்கள் உரிமை, மேசை நாற்காலி செய்கிறவர்கள் கை வைக்கக் கூடாது" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 1833ல் அவர் கப்பலேறி நியூயார்க் போனார். சில வருடங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். மார்ட்டின் கம்பெனி இன்றும் அங்கேதான் இருக்கிறது. உள்சட்டங்களைப் பெருக்கல் குறி போல ஒட்டும் முறை 1840களில் அங்கே வளர்ந்தது. பிற்பாடு எஃகுக் கம்பி வந்தபோது அதன் இழுவையைத் தாங்கியது அந்த அமைப்புதான். இன்று நீங்கள் கடையில் எடுக்கும் எஃகுக் கம்பி கிடார் அநேகமாக எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் பெருக்கல் குறி உண்டு.

மார்ட்டினின் உயர்ந்த கிடார்களுக்கு முதுகு பிரேசில் ரோஸ்வுட். அதுவும் நம் ஈட்டியும் ஒரே பேரினம் (டால்பெர்ஜியா), ஆனால் வேறு மரம். நூறு வருடத்துக்கும் மேல் வெட்டினார்கள். அகலமான பலகை கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. 1965ல் மார்ட்டின் டி-35 என்று ஒரு மாடலை வெளியிட்டது. வழக்கமாக முதுகு இரண்டு துண்டுதானே, இதற்கு மூன்று துண்டு. கலை என்று நினைத்தீர்களா? அகலப் பலகை பற்றாக்குறை! குறுகிய துண்டுகளை வீணாக்காமல் சேர்த்து ஒட்டினார்கள். அதையே பின்னால் ஜனங்கள் "மூன்று துண்டு முதுகு, தனி அழகு" என்று விரும்பி வாங்கினார்கள்.

பிறகு பிரேசில் அரசு முழு மரக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. அறுப்பு வேலை எங்கள் நாட்டிலேயே நடக்கட்டும் என்பது அவர்கள் நியாயம். 1969ல் மார்ட்டின் தன் வழக்கமான ரோஸ்வுட் கிடார்களை இந்திய ரோஸ்வுட்டுக்கு மாற்றத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலை கிடார் வரலாற்றுக்குள் பெரிய அளவில் நுழைந்தது இந்த வருடத்தில்தான். காட்டு மரமாக மட்டும் இல்லாமல், காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாகவும் நின்ற ஈட்டி அது. வேறு பல கம்பெனிகளும் இதே வழியில் வந்தன.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். 1969க்கு முந்தைய பிரேசில் முதுகு கிடார்கள் புராணப் பொருள் ஆகிவிட்டன. "அந்தச் சத்தம் இனி வராது" என்ற பேச்சு. 1992ல் பிரேசில் ரோஸ்வுட் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. எல்லை தாண்டினாலே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை. விலை இன்னும் ஏறியது. நம் ஈட்டி "இரண்டாம் தரம், ஆனால் பரவாயில்லை" என்ற இடத்தில் நின்றது.

உண்மையிலேயே இரண்டாம் தரமா?

தோரஸ் விட்ட இடத்திலிருந்து 2018ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்தார்கள். ராஜர் பக்னல் என்ற கிடார் கைவினைஞர் ஆறு கிடார்கள் செய்து கொடுத்தார். முன்பலகை, அளவு, கம்பி எல்லாம் கூடிய மட்டும் ஒன்று. முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பீலி, வால்நட். வாசிக்க 52 கிடார் கலைஞர்கள். மரம் தெரியக்கூடாது என்பதற்காக மங்கலான வெளிச்சம், கண்ணில் வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி! முடிவு என்ன தெரியுமா? ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எது எந்தக் கிடார் என்று பிரித்துச் சொல்வதற்கே திணறினார்கள். கிடைப்பதற்கரிய பிரேசில் மரத்துக்கு எந்தக் கிரீடமும் கிடைக்கவில்லை.

முதுகு மரத்தால் துளிக்கூட வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈட்டிப் பலகையைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும், மஹோகனி அப்படி ஒலிக்காது. கைவினைஞர்கள் இதைக் கேட்டுத்தான் பலகை பொறுக்குகிறார்கள். ஆனால் கிடாராகி, கம்பி பூட்டி, உங்கள் விரலில் வந்தபிறகு அந்த வித்தியாசம் விலைப்பட்டியலில் தெரியும் அளவுக்குக் காதில் தெரிவதில்லை. அரிதானது என்பதையே உயர்ந்தது என்று நம் காது கேட்டுக்கொள்கிறது.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையில் எந்தெந்த மருந்து இருப்பில் இருந்தது என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். (இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) பக்கத்தில் காஞ்சிபுரம். பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களில் கடைப் பெயரைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு வகை. புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்க்கும் பாட்டிகள் இன்னொரு வகை. கிடார் கடைக்குப் போகும்போது அந்தப் பாட்டிகளைத்தான் கூட்டிப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றும் :-)

சரி, ஈட்டிக்கு வருவோம். கேட்பு கூடினால் மரம் என்ன ஆகும்? மெதுவாக வளரும் மரம் இது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிய வாய்ப்புள்ள இனமாகக் குறித்திருக்கிறது. பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 1994ல் ஈட்டிக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு மரக்கட்டையாகவும் அறுத்த பலகையாகவும் ஏற்றுமதி செய்வதற்குத் தடை வைத்தது. வேலைப்பாடு முடித்த பொருளாகப் போகலாம்.

அந்த "வேலைப்பாடு முடித்த பொருள்" எது என்பதில் அமெரிக்காவே குழம்பியது. கிப்சன் கிடார் கம்பெனியில் 2009ல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு சோதனை நடந்தது. 2011 ஆகஸ்டில் இந்திய ஈட்டி, கருங்காலி ஃபிங்கர்போர்டு பலகைகளுக்காக இன்னொரு சோதனை. துப்பாக்கியோடு அதிகாரிகள் வந்து மரத்தை அள்ளிப் போனார்கள். வழக்கின் சாரம் என்ன தெரியுமா? பலகையின் தடிமன்! 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சுங்கக் கணக்கில் அறுத்த மரம், குறைவாக இருந்தால் வேறு வகை. 2012ல் சமரசம் ஆனது. மடகாஸ்கர் மரத்துக்காக 3 லட்சம் டாலர் அபராதம். இந்தியப் பலகை விஷயத்தில் விதிகளே தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு அந்த மரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலுக்குப் போனது. கிடார் கம்பெனிகள் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் காகிதம் தேடி அலைந்தன. பலர் வேறு மரங்களுக்கு மாறினார்கள். 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. (பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை.) இந்த இரண்டு சொச்சம் வருடங்களில் ரோஸ்வுட் இல்லாமலும் நல்ல கிடார்கள் வந்தன என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கம் கிடார் புதுசும் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் மிஸ்க்வித் கம்பெனி 1842ல் தொடங்கியது. அதுதான் பின்னாளில் மியூஸி மியூசிகல் ஆனது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப்பதக்கம் வாங்கியவர். அவர் பாட்டுகளின் கிடார் எத்தனை பேரைக் கடைக்கு ஓடவைத்தது என்று சொல்லத் தேவையில்லை. மரம் பார்த்து வாத்தியம் செய்யும் வித்தையும் நமக்குப் புதுசில்லை, தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் தேடுகிற ஊர் இது. ஆனாலும் கூடலூர்ப் பக்கத்து ஈட்டி கடல் கடந்து போய், கிடாராகத் திரும்பி வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு நம்மையே மிரட்டுகிறது!

அப்படியானால் கடையில் என்ன பார்ப்பது? என் அபிப்பிராயம், முதுகைக் கடைசியில் பாருங்கள். முதலில் முன்பலகை. முழு மரமா, பிளைவுட் போல ஒட்டியதா? சத்தம் வரும் ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் ரேகை விளிம்பு வழியாக உள்ளேயும் இறங்கினால் முழு மரம், அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டு. காசு குறைவென்றால் முன்பலகை மட்டுமாவது முழு மரமாக இருக்கட்டும், முதுகு ஒட்டுப்பலகையானாலும் பரவாயில்லை. (தோரஸ் அட்டையில் செய்தவர் அல்லவா!)

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டுங்கள். பொறுமை வேண்டும், நூறுக்கும் மேல் இடங்கள். எங்காவது "ஜ்ஜ்" என்று இரைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கழுத்து ஏறஏறச் சுருதி விலகும். அதே இடத்தில் கம்பியின் உயரம் 2, 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரல் தப்பிக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை ரொம்ப உப்பியிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முழு மரக் கிடாருக்கு ஏறக்குறைய 50 சதவீத ஈரப்பதம் உகந்தது. சென்னைக் காற்றில் பலகை ஊதிக் கம்பி உயரும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் காய்ந்து வெடிக்கவும் செய்யும். கடையில் ஏசிக்கு நேர் கீழே தொங்கும் கிடாரை நான் எடுக்கமாட்டேன்.

கடைசியாக லங்காஸ்டர் வேலை. வெல்டிங் கண்ணாடி எல்லாம் வேண்டாம். ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். உங்கள் பணத்துக்குள் வரும் மூன்று கிடார்களை அவரிடம் கொடுத்து, ஒரே பாட்டை மூன்றிலும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். "முதலாவது", "மூன்றாவது" என்று மட்டும் சொல்லுங்கள். வரிசையை மாற்றி இன்னொரு தடவை. இரண்டு தடவையும் நீங்கள் கைகாட்டியது ஒரே கிடார்தானா என்று நண்பரிடம் கேளுங்கள். அதற்கப்புறம் திரும்பி, அதன் முதுகு என்ன மரம் என்று பாருங்கள்.