அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் ஆய்வு

முதுமையாலோ தீராத நோயாலோ இரவும் பகலும் செவிலியர் துணை தேவைப்படுவோர் தங்கியுள்ள இல்லங்களுக்கு அரசு ஆய்வாளர்கள் நேரில் சென்று, கவனிப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதித்தறியும் முறை அமெரிக்காவில் சட்டப்படி நடைபெறுகிறது. அங்கே இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. சுமார் 12 லட்சம் பேர் அவற்றில் வசிக்கின்றனர். பெரும்பாலானவை லாப நோக்கில் இயங்கும் தனியார் இல்லங்கள். எனினும் அவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி, மெடிகேர், மெடிகெய்ட் என்னும் இரு அரசுத் திட்டங்களிலிருந்தே வருகிறது. இப்பணத்தைப் பெற அரசுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் நிலைக்க ஆய்வில் தேற வேண்டும். விதிகளை வகுப்பது மெடிகேர், மெடிகெய்ட் சேவை மையம் என்னும் மத்திய அரசு அமைப்பு (சி.எம்.எஸ்.). அதனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆய்வை நடத்துவது அந்தந்த மாநிலத்தின் ஆய்வுத் துறை.

வரலாறு

மெடிகேரும் மெடிகெய்டும் 1965இல் சட்டமாயின. அரசுப் பணம் வரத் தொடங்கியதும் இல்லங்கள் பெருகின. அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பும் அரசைச் சேர்ந்தது. தொடக்ககால ஆய்வு பெரும்பாலும் கட்டடத்தையும் ஏடுகளையும் பார்ப்பதோடு நின்றது. போதிய அறைகள், எழுத்து வடிவிலான நடைமுறைகள், பதிவேடுகள் ஆகியவை இருந்தால் இல்லம் தேறிவிடும். படுத்திருப்பவர் நேரத்துக்கு உணவு உண்டாரா, அவர் முதுகில் புண் உள்ளதா என்பவை ஆய்வின் மையத்துக்கு வரவில்லை.

தேசிய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மருத்துவக் கழகம் 1986இல் வெளியிட்ட அறிக்கை இக்குறையைச் சுட்டி, விதிகளைத் திருத்தி அமைக்கப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1987இல் முதியோர் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொருவரும் உடலாலும் மனத்தாலும் சமூக வாழ்விலும் தமக்கு எட்டக்கூடிய மிக உயர்ந்த நலத்தை அடையவும் காக்கவும் உதவும் கவனிப்பை இல்லம் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. தேவையின்றிக் கட்டிவைக்கப்படாமலும் மயக்க மருந்து தரப்படாமலும் இருக்கும் உரிமையை அது வகுத்தது. உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தவறும் இல்லங்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்கான விரிவான விதிகள் 1995இல் நடைமுறைக்கு வந்தன.

ஆய்வு நடைபெறும் விதம்

ஆய்வு முன்னறிவிப்பின்றி நடைபெறும். ஆய்வுத் தேதியை இல்லத்துக்குத் தெரிவிப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஓர் இல்லத்தில் இரண்டு வழக்கமான ஆய்வுகளுக்கு இடையே 15 மாதங்களுக்கு மேல் கடக்கக் கூடாது. மாநிலம் முழுவதற்குமான சராசரி இடைவெளி 12 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பத்தில் ஓர் ஆய்வாவது அதிகாலை, மாலை, வார இறுதி போன்ற அலுவல் நேரமல்லாத வேளையில் தொடங்க வேண்டும். ஆள் குறையும் நேரங்கள் அவையே. குழுவில் பதிவுபெற்ற செவிலியர் ஒருவரேனும் இருப்பார்.

நாடு முழுவதும் ஒரே ஆய்வு முறை 2017 நவம்பரிலிருந்து பின்பற்றப்படுகிறது. இல்லத்துக்குள் நுழைந்ததும் பொறுப்பாளரிடம் தங்கியிருப்போர் பட்டியலைப் பெறும் ஆய்வாளர்கள், சமையலறையையும் ஒருமுறை பார்த்துவிடுகின்றனர். பிறகு அறை அறையாகச் சென்று முதியோருடன் தனிமையில் பேசுகின்றனர். பேச இயலாதவர்களின் நிலையைக் கவனித்தும் குடும்பத்தாரைக் கேட்டும் அறிகின்றனர். தங்கியிருப்போரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் மருத்துவப் பதிவுகளையும் உண்மையில் கிடைக்கும் கவனிப்பையும் ஒப்பிடுகின்றனர். அழைப்பு மணிக்கு எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார், ஊட்டிவிட வேண்டியவருக்கு உணவு ஆறுவதற்குள் ஊட்டப்படுகிறதா என்பவை நேரில் பார்த்தே எழுதப்படுகின்றன.

சில சோதனைகளுக்குத் திட்டமான அளவுகள் உண்டு. செவிலியர் மருந்து தருவதைக் குறைந்தது 25 முறை கவனிக்க வேண்டும். தவறுகள் 5 சதவீதத்தை எட்டக் கூடாது. ஆகவே 25இல் இரண்டு தவறினாலே இல்லம் விதியை மீறியதாகும். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ உடல் எடை குறைந்திருந்தால் அது குறிப்பிடத்தக்க இழப்பாகக் கருதப்பட்டு, காரணம் விசாரிக்கப்படும். படுக்கைப் புண், கீழே விழுதல், நீர்ச்சத்துக் குறைவு, தொற்றுத் தடுப்பு ஆகியவையும் முக்கியமாகப் பார்க்கப்படுபவை.

ஆய்வாளர்களுக்கு முன்தகவலாகப் பயன்படுவது ஒவ்வொருவரைப் பற்றியும் இல்லமே நிரப்பியனுப்பும் மதிப்பீட்டுப் படிவம். சேர்ந்த 14 நாட்களுக்குள்ளும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் அதை நிரப்ப வேண்டும். நடமாட்டம், நினைவாற்றல், புண்கள், மருந்துகள் முதலிய விவரங்கள் அதில் அடங்கும்.

தீப்பாதுகாப்பு

தீப்பாதுகாப்புக்குத் தனி ஆய்வு உண்டு. வெளியேறும் வழிகள், தீத்தடுப்புக் கதவுகள், புகை உணர்கருவிகள், ஒத்திகைப் பதிவுகள் ஆகியவை அதில் சோதிக்கப்படுகின்றன. 2003இல் ஹார்ட்ஃபோர்டு, நாஷ்வில் நகரங்களின் இரு இல்லங்களில் மூண்ட தீயால் 31 முதியோர் இறந்தனர். இரண்டிலும் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. பழைய கட்டடங்களுக்கு விதிவிலக்கு இருந்ததே காரணம். அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, 2013 ஆகஸ்டுக்குள் எல்லா இல்லங்களிலும் அவற்றைப் பொருத்துவது கட்டாயமாயிற்று.

குறைபாடுகளை மதிப்பிடல்

கண்டறியப்பட்ட ஒவ்வொரு குறைபாடும் இரண்டு வகையில் அளக்கப்படுகிறது. முதலாவது கடுமை: சிறு பாதிப்புக்கு மட்டுமே இடமுள்ளது, அதற்கு மேலான பாதிப்புக்கு இடமுள்ளது, உண்மையாகவே பாதிப்பு நேர்ந்தது, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என நான்கு படிகள். இரண்டாவது பரவல்: தனித்த நிகழ்வு, திரும்பத் திரும்ப நிகழ்வது, இல்லம் முழுவதும் பரவியது என மூன்று. இவை சேர்ந்து 12 கட்டங்கள் கொண்ட அட்டவணையாகின்றன. ஆங்கில அகரவரிசையின் முதல் 12 எழுத்துகளால் அவை குறிக்கப்படுகின்றன. கடைசி மூன்றும் உடனடி ஆபத்தைக் குறிப்பவை.

குறைபாட்டு அறிக்கை கிடைத்த பத்து நாட்களுக்குள் இல்லம் திருத்தத் திட்டம் தர வேண்டும். திருத்தப்பட்டதா என்பதை மறு ஆய்வு உறுதிசெய்யும். மறுப்பு இருந்தால் மாநிலத் துறையிடம் முறையிடலாம். தண்டனை விதிக்கப்பட்டால் மேல்முறையீடும் செய்யலாம்.

நடவடிக்கைகள்

பணியாளருக்குக் கட்டாயப் பயிற்சி, அபராதம், புதிதாகச் சேர்வோருக்கான பணத்தை நிறுத்துதல், தற்காலிக நிர்வாகியை நியமித்தல், சான்றிதழை ரத்து செய்தல் எனத் தண்டனைகள் படிப்படியாகக் கடுமையாகின்றன. உடனடி ஆபத்து உள்ள இல்லத்துக்கு நாளொன்றுக்கு 20,000 டாலருக்கு மேலும் அபராதம் விதிக்க முடியும். அந்த ஆபத்தை 23 நாட்களுக்குள் நீக்காத இல்லம் சான்றிதழை இழக்கும். மற்றக் குறைபாடுகள் மூன்று மாதங்களில் சரியாகாவிட்டால் புதியவர்களுக்கான பணம் கட்டாயமாக நிறுத்தப்படும். ஆறு மாதங்கள் கடந்தால் சான்றிதழ் ரத்தாகும். ரத்து அரிதாகவே நிகழ்கிறது. இல்லம் மூடப்பட்டால் அங்குள்ள முதியோரை வேறிடம் மாற்ற வேண்டும். அந்த இடமாற்றமே நலிந்தவர்களுக்குத் தீங்காகலாம். தொடர்ந்து தவறும் இல்லங்களைத் தனிப்பட்டியலில் சேர்த்து, ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்யும் திட்டம் 1998 முதல் நடந்துவருகிறது.

புகார்களும் பொதுத் தகவலும்

வழக்கமான ஆய்வுக்குக் காத்திராமல், முதியோரோ குடும்பத்தாரோ பணியாளரோ தரும் புகாரின் பேரிலும் ஆய்வாளர்கள் வருவர். முதியோரைத் துன்புறுத்தியதாக எழும் குற்றச்சாட்டை இல்லமே இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றோடு, தங்கியிருப்போர் சார்பில் பேசும் குறைதீர்ப்பாளர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ளனர். 1972இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்திட்டம், 1978இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. இவர்களுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை.

ஆய்வு முடிவுகளைப் பொதுமக்கள் இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி 1998இல் வந்தது. 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு சேர்க்கப்பட்டது. ஆய்வு முடிவு, பணியாளர் அளவு, தர அளவீடுகள் ஆகிய மூன்றையும் கொண்டு அது கணிக்கப்படுகிறது. ஆய்வு முடிவில் ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 சதவீத இல்லங்கள் ஐந்து நட்சத்திரமும், கடைசி 20 சதவீத இல்லங்கள் ஒரு நட்சத்திரமும் பெறுகின்றன. ஆகவே இரு மாநில இல்லங்களை நட்சத்திரத்தைக் கொண்டு ஒப்பிட முடியாது. பணியாளர் எண்ணிக்கையை இல்லங்கள் தாமாகச் சொல்லிவந்த நிலை மாறி, 2016 முதல் சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் கணக்குத் தரப்படுகிறது.

குறைகள்

மாநில ஆய்வுகள் கடுமையான குறைபாடுகளைத் தவறவிடுகின்றன என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மத்திய ஆய்வாளர்கள் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளில் சுமார் 15 சதவீதத்தில், மிகக் கடுமையான குறைபாடு ஒன்றையாவது மாநிலக் குழு குறிப்பிடாமல் விட்டிருந்தது. ஆய்வாளர் பற்றாக்குறையும் பெரிய சிக்கல். செவிலியராகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மருத்துவமனைகள் கூடுதல் சம்பளம் தருவதால் அவர்கள் ஆய்வுத் துறையில் நிலைப்பதில்லை.

கோவிட் பெருந்தொற்று இம்முறையின் பலவீனத்தைக் காட்டியது. 2013 முதல் 2017 வரை 82 சதவீத இல்லங்கள் மீது ஒருமுறையேனும் தொற்றுத் தடுப்புக் குறைபாடு பதிவாகியிருந்தது. அக்குறைபாடுகளில் பெரும்பாலானவை கடுமையற்றவை என வகைப்படுத்தப்பட்டதால் தண்டனை அரிதாகவே நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச்சில் வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்டு, தொற்றுத் தடுப்பு ஆய்வுகளும் உடனடி ஆபத்துப் புகார்களும் முன்னுரிமை பெற்றன. இதனால் சேர்ந்த நிலுவையைத் தீர்க்கப் பல மாநிலங்களுக்கு ஆண்டுகள் பிடித்தன.

தரத்தைத் தீர்மானிப்பதில் பணியாளர் எண்ணிக்கைக்கே பெரும்பங்கு உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.48 மணி நேரச் செவிலியக் கவனிப்பு வேண்டும் என 2024இல் சி.எம்.எஸ். விதித்தது. 2025இல் டெக்சஸ் மத்திய நீதிமன்றம் அவ்விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2034 செப்டம்பர் வரை அதைச் செயல்படுத்தத் தடை விதித்தது. பதிவுபெற்ற செவிலியர் நாள்தோறும் எட்டு மணி நேரமும், உரிமம் பெற்ற செவிலியர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்னும் பழைய விதிகள் தொடர்கின்றன. அவற்றுக்கு மேல் சட்டம் கேட்பது போதுமான பணியாளர்களை மட்டுமே. பணியாளர்கள் போதுமா என்பதை அந்தந்த இல்லத்தில் கண்டதைக் கொண்டு ஆய்வாளர்களே முடிவு செய்கின்றனர்.