டெட்ராயிட் நகரின் காய்கறித் தோட்டங்கள்



ஜூபிலி மலர்களில் கோபுரம், மணி, பீடம் இவற்றின் வரலாற்றை எழுதுவது நம் வழக்கம். ஆலயத்தை அடுத்துக் கிடக்கும் வெறும் மண்ணுக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் நடந்த அத்தகைய ஒன்றை இங்கே தருகிறேன்.

1893 இல் அந்நாட்டைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. ஆலைகள் மூடப்பட்டன. டெட்ராயிட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து உதவிப் பணத்திற்குக் கையேந்தினர். அந்நகரின் மேயர் ஹேசன் பிங்ரி காலணித் தொழிலில் பொருள் ஈட்டியவர். விலையேற்றத்தை எதிர்பார்த்துச் செல்வர்கள் தரிசாய்ப் போட்டிருந்த மனைகளை இரவல் பெற்று, ஏழைகள் உருளைக்கிழங்கு பயிரிடட்டும் என்று 1894 இல் அவர் அறிவித்தார். பத்திரிகைகள் நகைத்தன. ஏழைகள் சோம்பேறிகள், உழைக்க வரமாட்டார்கள் என்றும் பலர் பேசினர்.

விதைக்கும் கருவிகளுக்கும் பணம் வேண்டுமே! மேயர் நகரின் ஆலயங்களை நாடினார். காணிக்கையாகக் கிடைத்தது 13 டாலர் 80 சென்ட். ஞாயிறுதோறும் காணிக்கை எண்ணிப் பழகிய எனக்கு இத்தொகையைப் படித்தபோது வெட்கமாகவே இருந்தது. மனமில்லாமற் போயிற்றா, அல்லது ஏழைமீது நம்பிக்கை இல்லாமற் போயிற்றா? இரண்டாவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மேயரோ தம் அருமைக் குதிரையை ஏலத்தில் விற்று, அதன் உண்மை விலைக்கு மிகக் குறைவாய்க் கிடைத்த பணத்தைத் தந்தார்.

முதலாண்டில் 945 குடும்பங்கள் ஏறத்தாழ 430 ஏக்கரில் பயிரிட்டன. இடம் கேட்டுக் கிடைக்காதவர்கள் இன்னும் பலர். பெரும்பாலோர் போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். கையில் காசில்லை, ஆனால் மண்ணை அறிந்தவர்கள். ஏறத்தாழ 3,600 டாலர் செலவிட்ட இடத்தில் 12,000 டாலருக்கும் மேற்பட்ட விளைச்சல் கண்டார்கள். நகைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வேறு நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின. ஆயினும் நிலம் இரவல்தானே! தொழில்கள் மீண்டதும் தோட்டங்கள் மறைந்தன.

1929 இல் மீண்டும் பஞ்சம் வந்தது. இம்முறை டெட்ராயிட் கப்புச்சின் மடத்தின் வாசலிலேயே பசித்தோர் திரண்டனர். அங்கே வாயில் காத்த சொலானுஸ் கேசி அடிகளார் அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. அவரும் சகோதரர்களும் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையாரும் சேர்ந்து தொடங்கியதே அங்குள்ள கஞ்சிக்கூடம். பெரிய மறையுரைகள் ஆற்றவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அனுமதி பெறாத எளிய குரு அவர். 2017 இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

1950 இல் 18 இலட்சத்துக்கும் மேலிருந்த டெட்ராயிட் மக்கள்தொகை, 2020 இல் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் கீழே போயிற்று. கார் ஆலைகள் குறைந்தன, மக்கள் வெளியேறினர், வீடுகள் இடிந்தன, மனைகளில் புல் மண்டியது. 1997 இல் கப்புச்சின் சகோதரர் ரிக் சாமின் கஞ்சிக்கூடத்தின் அருகே சிறிய தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெட்ரோல் பங்குக் கடையைக் காட்டும் பிள்ளைகள் அங்கே வளர்ந்துகொண்டிருந்தனர். அத்தோட்டம் பக்கத்து வெற்றுமனைகளுக்கும் பரவி இரண்டு ஏக்கருக்கும் மேலாக வளர்ந்தது. தேனீப் பெட்டிகளும் வைத்தனர். கீரையும் தக்காளியும் கஞ்சிக்கூடத்துச் சமையலுக்குப் போயின. அக்கம்பக்கத்தாரும் தொண்டர்களும் மண்வெட்டி எடுத்தார்கள். உணவுக்காக வரிசையில் நின்றவர்களிலும் சிலர் களை பறிக்க வந்தார்கள்.