அளவுகோலும் அமானிதமும்

கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று, இருவருக்கும் பொதுவாகச் சான்று சொல்லும் பொருள் ஒன்று உண்டென்றால் அது அளவுகருவியே ஆகும். கத்தரி மழுங்கினால் துணி கிழியும். சுத்தியல் கழன்றால் ஆணி வளையும். கைக்கருவியின் குறை அந்தக் கணமே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அளவுகருவியின் குறை அப்படித் தெரிவதில்லை. பொய்யான தராசும் மெய்யான தராசைப் போலவே அசைந்து நிற்கிறது. நீண்டுபோன நாடாவும் நேரான நாடாவைப் போலவே எண்ணைக் காட்டுகிறது. ஆகவேதான், வீட்டுக்கோ பட்டறைக்கோ கருவிகளைத் தேர்ந்து வாங்கும்போது, வேறு எதனையும்விட அளவுகருவியில் நாம் கருத்தூன்ற வேண்டியிருக்கிறது.

இதனை நாம் திருப்பூர்–பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டியை வைத்துப் பார்ப்போம். முன்னர்த் தனி ஊராட்சியாக இருந்து, 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த ஊர் இது. இப்பகுதியில் ஒரு பனியன் உருவாவதற்குள் அது எத்தனை கைகள் மாறுகிறது! நூல் வாங்குபவர் ஒருவர். அதைப் பின்னுபவர் இன்னொருவர். சாயம் ஏற்றுபவர் வேறொருவர். வெட்டுபவர், தைப்பவர், பிசிறு நீக்கிச் சரிபார்ப்பவர் என்று வரிசை நீள்கிறது. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அளவு எடுக்கப்படுகிறது. அந்த அளவின் மீதுதான் ஒருவரின் கூலியும் மற்றொருவரின் இலாபமும் நிற்கின்றன.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த ஒரே பொருள் பல அளவு மொழிகளைப் பேசுகிறது. நூலின் நம்பர் ஆங்கிலேயர் காலத்து வழக்குப்படி கெஜத்திலும் பவுண்டிலும் கணக்கிடப்படுகிறது. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டாக்கள் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். 30ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 25,200 கெஜ நீளம் இருக்கிறது என்று பொருள். பின்னல் இயந்திரத்தின் கேஜ், ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசிகள் என்பதைச் சொல்கிறது. துணியோ கிலோவில் விற்கிறது. அதன் கனம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, அதாவது ஜி.எஸ்.எம். என்று, குறிக்கப்படுகிறது. தைத்த ஆடையைப் பல வெளிநாட்டு வணிகர்கள் சென்டிமீட்டரில் கேட்கின்றனர். தைத்தவரின் கூலியோ எண்ணிக்கையில் வருகிறது. இத்தனை மொழிகளுக்கும் இடையே உண்மை சிதறாமல் இருக்க வேண்டுமானால், கருவிகள் நேர்மையாக இருந்தே தீரவேண்டும்.

இந்தக் கவலை நம் முன்னோருக்கும் இருந்தது. தமிழரின் முதல் அளவுகோல் உடலே. விரல், சாண், முழம் என்று கையாலேயே அளந்தனர். பூக்கடையில் இன்றும் முழம்தான் பேசுகிறது. ஆனால் ஒருவர் முழம் மற்றவர் முழத்துக்கு ஈடாகாது. நிலத்தையும் வரியையும் இந்த ஐயத்தில் விட முடியாத சோழர் காலத்தவர், பதினாறு சாண் கோல் போன்ற குறித்த நீளக் கோல்களை வழங்கினர். பழைய கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் இத்தகைய அளவுகோல்கள் கோடாகப் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கி.பி. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்ததாகக் கூறுகின்றன. அதே பெயரில் ஒரு மரக்காலும் இருந்தது. எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் தனிப்பெயர் இட்டு, எந்தக் கல்லால், எந்த மரக்காலால் அளந்தோம் என்பதையும் கல்லில் வெட்டி வைத்த நுட்பத்தை என்னென்பது! வெறும் எண்ணை மட்டும் சொல்வது போதாது. அளந்த கருவி எது என்பதையும் சொன்னால்தான் கணக்கு முழுமை பெறும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

இஸ்லாமிய வரலாற்றிலும் அளவு, வணிகத்தின் ஓரத்தில் நிற்கும் சிறு செய்தியாக இருந்ததில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், அளவில் குறைப்போரின் பெயராலேயே 'அல் முதஃப்பிஃபீன்' என்று அழைக்கப்படுகிறது. பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவரை அது கடுமையாகக் கண்டிக்கிறது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) அவர்களின் அறிவுரையிலும் அளவும் நிறுவையும் முன்னிற்கின்றன. இந்தப் போதனை நூலோடு நின்றுவிடவில்லை. கடைத்தெருவைச் சுற்றிவந்து தராசையும் படியையும் சோதிக்க 'முஹ்தஸிப்' என்னும் அலுவலர் நியமிக்கப்பட்டார்.

கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) வெளியிட்ட பொற்காசான தீனார், ஏறத்தாழ 4.25 கிராம் எடையில் நிலைப்படுத்தப்பட்டது. அக்காசுகளை நிறுக்க, எட்டாம் நூற்றாண்டு எகிப்தில் கண்ணாடியால் எடைக்கற்கள் செய்து, அவற்றில் முத்திரையும் பதித்தனர். இரும்பும் பித்தளையும் இருக்கக் கண்ணாடி எதற்கு? இரும்பு துருவேறி எடை மாறும். பித்தளையை அரத்தால் சிறிது தேய்த்தால் எவரும் அறியார். கண்ணாடியோ துருப்பிடிக்காது, ஒரு சில்லு பெயர்ந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவதற்கு எளிதில் இடம்தராத பொருளையே கருவிக்குத் தேர்வது என்னும் பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகிறோம். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) மெர்வ் நகரைச் சேர்ந்த அல் காஸினீ என்னும் அறிஞர் 'மீஸானுல் ஹிக்மா' என்ற பெருநூலைத் தராசு ஒன்றைப் பற்றியே எழுதினார். ஒரு பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அது தூய உலோகமா கலப்பா என்று கண்டறியும் முறை அதில் விரித்துரைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு இருந்தும், அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடுவது நின்றபாடில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 'மணங்கு' என்ற ஒரே எடை, சென்னையில் 25 பவுண்டு. பம்பாயில் 28 பவுண்டு. வங்காளத்தில் 82 பவுண்டுக்கும் மேல்! பெயர் ஒன்று, பொருள் மூன்று. படியும் அப்படியே ஊருக்கு ஊர் மாறிற்று. இந்தக் குழப்பத்தில் நட்டமடைந்தவர் யார்? கணக்கு அறிந்த வணிகர் அல்லர்; விளைந்ததைச் சுமந்துவந்து விற்ற உழவரும், நெய்ததைக் கொண்டுவந்து கொடுத்த நெசவாளருமே ஆவர். பிரான்சிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே புரட்சிக்குப் பின் மீட்டர் முறை பிறந்தபோது, பாரிஸ் நகரத் தெருக்களில் பளிங்கில் செதுக்கிய மீட்டர் அளவுகள் 1796–97இல் பொதுமக்கள் பார்வைக்குப் பதிக்கப்பட்டன. சோழநாட்டுக் கோயிற்சுவரும் பாரிஸ் தெருச்சுவரும் இங்கே ஒரே செய்தியைச் சொல்கின்றன: மூல அளவு ஒருவரின் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கலாகாது, எவரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி பொதுவில் நிற்கவேண்டும்.

சுதந்திர இந்தியா 1956இல் எடை, அளவுத் தரச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் முதல் நாள் புதிய பைசா வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் மீட்டரும் கடைகளில் நிலைபெற்றன. வீசையும் பலமும் பழங்கதையாயின. இன்று நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2011 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வணிகத்தில் பயன்படும் எடைக்கற்களையும் நீள அளவுகளையும் 24 மாதத்துக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறையும் முத்திரையிட்டுப் புதுப்பிக்க வேண்டும். அன்றைய முஹ்தஸிப் செய்த இப்பணியை நம் மாநிலத்தில் இன்று தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் செய்கிறார்.

மீண்டும் திருப்பூருக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களைக் கொண்டுவந்து, பனியன் தொழிலுக்கு இங்கே வித்திட்டவர்களுள் குலாம் காதர் ஒருவர் என்பதை நம் வாசகர்கள் பெருமையுடன் நினைவிற்கொள்ளலாம். அன்று உள்நாட்டுச் சந்தைக்குப் போன பனியனில் சிறு வேறுபாட்டை எவரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஏற்றுமதி வளர்ந்த பின் நிலைமை அடியோடு மாறியது. இன்று அரை சென்டிமீட்டரும் பத்திரத்தில் எழுதப்படுகிறது.

நாடாவை எடுத்துக்கொள்வோம். துணிநாடா இழுபட இழுபட நீளும். நூற்றில் ஒரு பங்கு நீண்ட நாடாவில் 50 சென்டிமீட்டர் என்று பார்த்துத் தைத்த மார்பளவு, உண்மையில் ஐம்பதரை சென்டிமீட்டர் இருக்கும். அரை சென்டிமீட்டர் வரை கூடலாம் என்று வணிகர் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தச் சலுகை முழுவதையும் நாடாவே தின்றுவிட்டது! இனித் தையலில் ஓர் இழை பிசகினாலும் சரக்கு திரும்பிவரும். அப்போது கூலியில் பிடித்தம் செய்யப்படுவது யாருக்கு? நாடாவை வாங்கித் தந்தவருக்கு அல்ல. பெரும்பாலும் மெஷினில் குனிந்து தைத்தவருக்கும் சிறு ஜாப் ஒர்க் பட்டறைக்காரருக்குமே. அவர்கள் குற்றம் செய்யவில்லை, கருவி செய்தது.

துணியின் கனத்தை அறியும் முறையும் இத்தகையதே. வட்ட வெட்டுக்கருவியால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, கிராமில் நிறுத்து, நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைக்கும். 1.60 கிராம் இருந்தால் 160. தராசு 0.08 கிராம் பிசகினால் போதும். 160 என்பது 152 ஆகிவிடும். ஆகவே, கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டாத தராசு இவ்வேலைக்கு உதவாது. வெட்டுக்கருவியின் கத்தி மழுங்கினாலும் விளிம்பு பிசிறி எடை மாறும். பருத்தியின் இயல்பும் இதில் சேர்கிறது. உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 விழுக்காடு ஈரம் இருப்பதை வணிக வழக்கு இயல்பாக ஏற்கிறது. மழைநாளில் நிறுத்த துணியும் கோடையில் நிறுத்த துணியும் ஒன்றாகா. பின்னல் துணியைச் சுருளிலிருந்து விரித்தவுடன் அளக்காமல், இழுவிசை நீங்கும்வரை மேசைமீது கிடக்கவிட்டு, பின்பே அளப்பது அறிவுடைமை.

இனி, கருவிகளை வாங்கும்போது கொள்ளவேண்டிய நெறி என்ன? கண்ணாடி எடைக்கல்லும் சுவரில் பொறித்த கோலும் கற்பித்ததே நெறி: எந்தக் கருவியை எளிதில் சோதிக்க முடியுமோ, அதையே தேர்க. பட்டறையில் நல்ல எஃகு அளவுகோல் ஒன்று தனியே இருக்கட்டும். அது அன்றாட வேலைக்கு அன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே. மாதம் ஒருமுறை எல்லா நாடாக்களையும் அதனருகே வைத்துப் பார்த்து, நீண்டவற்றை வெட்டி எறியவேண்டும். துணிநாடாவைவிடக் கண்ணாடியிழை சேர்ந்த நாடா குறைவாகவே நீளும். சுருளும் எஃகு நாடாவின் முனைக்கொக்கி சற்று ஆடுவதைக் கண்டு சிலர் பழுதென்று எண்ணுவர். பழுதன்று, உள்ளே முட்டி அளக்கும்போதும் வெளியே மாட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனத்தை ஈடுசெய்யவே அது ஆடுகிறது.

ரசமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு பலகைமீது வைத்துக் குமிழியைப் பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றி வைத்தால் குமிழி அதே நிலையில் நிற்கவேண்டும். மூலைமட்டத்தால் ஒரு கோடு இழுத்து, அதைப் புரட்டிவைத்து அதே புள்ளியிலிருந்து மறுகோடு இழுத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். சுவர் மூலையைச் சோதிக்க ஒருபுறம் மூன்றடி, மறுபுறம் நான்கடி குறித்தால், குறுக்கே ஐந்தடி வரவேண்டும். கத்தரியை வாங்கும்போது மெல்லிய துணி ஒற்றை மடிப்பை நுனிவரை வெட்டிப் பார்க்கவேண்டும். நுனியில் துணி மடிந்தால் அதை விட்டுவிடலாம். கைவினைக்குப் பெயர்பெற்று 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரியானாலும், காகிதம் வெட்டினால் துணிக்கு உதவாது போகும். அடுக்களைத் தராசுக்கும் ஒரு சோதனை உண்டு: முத்திரையிட்ட லிட்டர் அளவையில் நிரப்பிய நீர், பாத்திரத்தின் எடை நீங்க, ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேண்டுவது ஒரு வழக்கம். வேலை தொடங்குமுன் கொடுப்பவரின் நாடாவையும் செய்பவரின் நாடாவையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்துவிட்டால், பின்னர் எழும் வழக்குகளில் பல எழாமலே போகும். பனியன் தைக்கும் சகோதரியும், வீட்டில் பிசிறு நீக்கும் தாய்மாரும் தமக்கென ஒரு சரியான அளவுகோல் வைத்திருப்பது, கொடுப்பவரை ஐயுறுவது ஆகாது. அது தம் உழைப்பைத் தாமே அறிந்திருப்பதாகும். முதலாளியின் அளவு மட்டுமே அளவாக இருக்கும் இடத்தில், அவர் நல்லவராகவே இருந்தாலும், தொழிலாளி நீதியைப் பெறுவதில்லை, தயவைத்தான் பெறுகிறார்.

அளவு என்பது ஓர் அமானிதம். பெரிய பட்டறையோ சிறிய ஓட்டுக் கொட்டகையோ, முத்திரை பெற்ற ஒரு மீட்டர் கோல் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கட்டும். தைப்பவரும் அதைத் தொட்டு ஒப்பிடலாம்; தைக்கக் கொடுப்பவரும் ஒப்பிடலாம். சுவரில் பொறித்த கோல்களால் நம் முன்னோர் நாட்டுக்குச் செய்த நன்மையை, ஓர் ஆணியாலும் ஒரு கோலாலும் நம் பட்டறைக்கு நாம் செய்துவிட முடியும்.