சுவிட்ச் போர்டில் உறைந்த வரலாறு: வைப்பாற்றங்கரைக்கு வந்த 230 வோல்ட்டும் எர்த் பின்னும்

வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டைப் பகுதி வீட்டுச் சுவிட்ச் போர்டு ஒன்றில் மூன்று முடிவுகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், உருண்டையான மூன்று பின். இவற்றை ஒரே நாடோ ஒரே தலைமுறையோ முடிவு செய்யவில்லை.

வோல்ட்டேஜின் கதை பல்பிலிருந்து தொடங்குகிறது. 1882-இல் நியூயார்க்கில் எடிசன் தன் கார்பன் இழை விளக்குகளுக்கு ஏற்றபடி 110 வோல்ட் நேர்மின்சாரம் வழங்கினார். 1899-இல் பெர்லின் மின் நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. வோல்ட் இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும்; அதே கம்பியில் வெப்ப இழப்பு கால் பங்காகும். செம்பு மிச்சம். அமெரிக்காவிலோ அதற்குள் 110 வோல்ட் விளக்குகள் பரவிவிட்டிருந்தன, பின்வாங்க வழியில்லை. நமக்குப் பொறியாளர்களும் கருவிகளும், அதே உயர் வோல்ட் வழியில் போன பிரிட்டனிலிருந்து வந்ததால் உயர் வோல்ட்டே வாய்த்தது.

ஹெர்ட்ஸில் தவறினால் திருத்துவது மிகக் கடினம். டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால் ஜப்பான் இன்றும் 50, 60 என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 2011 சுனாமிக்குப் பின் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போதிய மின்சாரம் அனுப்ப முடியாமல் தவித்தது. சென்னை மாகாணத்துக்கு அந்த இக்கட்டு நேரவில்லை. பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) நீர்மின் நிலையங்கள் ஒரே 50 ஹெர்ட்ஸில் ஓடியதால் அவற்றை ஒரே தொகுப்பாக இணைக்க முடிந்தது. 1957-இல் மின்வாரியம் உருவானது. விருதுநகரில் பிறந்த காமராசரின் ஆட்சியில் கரிசல் காட்டுக் கிணறுகள் வரை கம்பி நீண்டது. சிவகாசி அச்சகத்து நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல்வதும் இந்த 50-ஆல்தான். அமெரிக்காவில் அது 1800.

பின்னின் வரலாறு தனி. இன்று நாம் செருகும் உருண்டைப் பின், 1934-இல் பிரிட்டன் வகுத்த தரத்தின் வாரிசு. 1947-இல் பிரிட்டன் அதை விட்டு, ஃபியூஸ் வைத்த தட்டைப் பின்னுக்குத் தாவியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்தொடர்ந்தன. இந்தியா பழையதையே வைத்துக்கொண்டது. இதைப் பின்தங்கல் என்று நான் கருதவில்லை. மேலே இருக்கும் எர்த் பின்னைப் பாருங்கள்: மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் அதிகம். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியாக விடும். கரண்ட் வருமுன்னே காப்பு வந்துவிடுகிறது.

எர்த்தின் அருமை இப்பகுதி மக்களுக்குத் தெரியாததல்ல. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் மின்விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஆனாலும் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது பாதுகாப்பு முறை. கரண்டே இல்லாத அறைக்கு எர்த் இருக்கிறது. கரண்ட் ஓடும் வீட்டிலோ கிரைண்டரின் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுகிறோம்.

கோடையில் கரிசல் மண் காய்ந்து வெடிக்கும்போது மண்ணின் மின்தடை ஏறி, அந்த மூன்றாவது பின் போய்ச் சேரும் எர்த் குழி பலமிழக்கிறது. பங்குனி பிறந்ததும் அக்குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பின்னை ஒடிக்காதீர்கள்.