ஜனவரியில் வந்து சேர்ந்த ஜூலை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் காட்டில், தை மாசம் ஈரம் காயுமுன்னே ஒரு தட்டைப் புதைத்தோம். உள்ளங்கையில் அடங்குகிற வட்டத் தட்டு, அரை சென்டிமீட்டர் தடிமன், வால் மாதிரி ஒரு கேபிள். மண்ணுக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குது, ராத்திரி எவ்வளவு திரும்ப ஏறுதுன்னு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் கணக்கில் சொல்லும் சென்சார். காட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மண்ணு சுடுதுன்னு தெரிய இதெல்லாம் வேணுமா தம்பி? செருப்பக் கழட்டிட்டு நின்னாத் தெரியாதா?"

தெரியும். ஆனால் சுடுவது வேறு, வெப்பம் ஓடுவது வேறு. சுடுவதை அளக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். ஓட்டத்தை அளக்க ஒன்றுக்கு மேல் வேணும், பொறுமையும் வேணும். அந்தப் பொறுமையை முதலில் பெரிய அளவில் காட்டியவர்களில் ஒருவர் எடின்பரோ பேராசிரியர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். அவர் கதையைத்தான் இங்கே குறித்துவைக்கிறேன்.

மண்ணுக்குள் ஆழத்தில் வெப்பநிலை அசையாமல் நிற்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறையில், 28 மீட்டர் ஆழத்தில், கோடையும் குளிரும் ஒன்றுதான். மேலே இவ்வளவு ஆட்டம், கீழே ஆட்டமே இல்லை என்றால் நடுவில் என்ன நடக்கிறது? 1822-ல் ஃபூரியே இதற்குக் கணிதம் எழுதிவிட்டார். வெயிலும் குளிரும் மண்ணுக்குள் அலையாக இறங்கும். ஆழம் போகப்போக அலை சிறுக்கும், தாமதமும் ஆகும். எவ்வளவு சிறுக்கிறது, எவ்வளவு தாமதம் என்று அளந்தால் அந்த மண் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். அளந்து பார்க்க ஆள்தான் வேண்டியிருந்தது.

ஃபோர்ப்ஸ் 1837-ல் எடின்பரோவில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார். கால்டன் குன்றில் வானாய்வகத்தை ஒட்டிய எரிமலைப் பாறை, ஒரு சோதனைத் தோட்டத்தின் மணல், க்ரெய்க்லீத் குவாரியின் மணற்கல். ஒவ்வொரு இடத்திலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் நான்கு தெர்மாமீட்டர்கள். 24 பிரெஞ்சு அடி என்றால் ஏறக்குறைய 7.8 மீட்டர், நம்ம ஊர்க் கிணற்றில் பாதிக்குக்கூட வராது.

புதைத்த தெர்மாமீட்டரை எப்படிப் படிப்பது? வெளியே இழுத்தால் அளவு மாறிவிடும். அதனால் ஆல்கஹால் நிரப்பிய குமிழ் அடியில் இருக்க, கண்ணாடித் தண்டு மேலே தரை வரை நீண்டு வந்தது. எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு தெர்மாமீட்டர்! அதை உடையாமல் குழிக்குள் இறக்குவதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. தண்டு நெடுகிலும் ஆல்கஹால்தான் நிற்கிறது, அதுவும் சூட்டில் விரியும். குமிழ் ஒரு வெப்பநிலையில் இருக்க, தண்டோ வழியில் உள்ள எல்லா அடுக்குகளின் வெப்பநிலையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. கருவி சொன்ன எண்ணிலிருந்து கருவியின் உடம்பு செய்த கோளாறைக் கழித்த பிறகுதான் மண் சொன்ன எண் கிடைக்கும். புதைத்து அளக்கும் எல்லாக் கருவிக்கும் இந்த வியாதி உண்டு.

வாரம் ஒருமுறை படித்தார்கள், 1842 வரை மூன்று இடத்திலும். அதற்குப் பிறகும் கால்டன் குன்றில் மட்டும் வேலை தொடர்ந்தது. கிடைத்தது அழகான சங்கதி. கால்டன் குன்றின் பாறையில், எட்டு மீட்டர் ஆழத்துக்கு ஜூலை வெயில் போய்ச் சேர ஜனவரி ஆகிவிடுகிறது. மேலே குளிரில் ஊர் விறைத்துக் கிடக்கும்போது, கீழே அதுதான் வருஷத்தின் உச்ச சூடு. உச்சம் என்றாலும் வருஷம் முழுக்க ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்தான். க்ரெய்க்லீத் மணற்கல்லில் அதே ஆழத்துக்கு அதே வெயில் நவம்பரிலேயே வந்துவிட்டது. ஒரே ஊர், ஒரே வெயில், ஆனால் கல் மாறினால் இரண்டு மாத வித்தியாசம். (அந்தக் குவாரியைப் பிறகு மூடிவிட்டார்கள். இப்போது அதன் மேல் ஒரு சூப்பர்மார்க்கெட் நிற்கிறது.)

இது எடின்பரோவோடு நிற்கவில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஃபோர்ப்ஸ் குழி தோண்டிய அதே 1837-ல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் ஒரு வானாய்வகம் தொடங்கினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட். அவர் 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை அங்கே நிலத்தடி வெப்பநிலையை அளந்தார். அது எடின்பரோ ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் ஊர். அங்கே அளந்த எண்கள் ஸ்காட்லாந்தில் அச்சாகியிருக்கின்றன.

எடின்பரோ எண்களுக்குத் திரும்புவோம். அவற்றை எடுத்துக்கொண்டவர் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு. ஃபோர்ப்ஸின் அளவுகளையும் கால்டன் குன்றின் தொடர்ச்சியையும் சேர்த்து 1860-ல் கணக்குப் போட்டார். மூன்று இடத்துக்கும் சராசரியாக, வெப்பம் பரவும் வேகத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் வருஷத்துக்கு 400 சதுர அடி. 1862-ல் இந்த 400-ஐ வைத்து பூமியின் வயதையே கேட்டார். பூமி 7000 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகிக் கிடந்தது, பிறகு ஆறிக்கொண்டே வருகிறது. இப்போது 50 அடி இறங்கினால் 1 டிகிரி கூடுகிறது. அப்படியானால் ஆற எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? 9 கோடியே 80 லட்சம். தவறு இருக்கலாம் என்று 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே என்று வரம்பும் கொடுத்தார். அந்தச் சூத்திரத்தில் 400 இரட்டிப்பானால் வயது பாதியாகும். வாரா வாரம் தண்டைப் பார்த்து எழுதியவர்களின் நோட்டில் எவ்வளவு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது, பாருங்க. உயிர்கள் மெல்ல மாற ஏராளமான காலம் வேண்டும் என்று சொன்ன டார்வினை இந்தக் கணக்கு கடைசி வரை உறுத்தியது.

பூமியின் வயது சுமார் 450 கோடி வருஷம் என்று இன்று தெரியும். கெல்வினுக்குக் கதிரியக்கம் தெரியாது, அதனால் தப்பு என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அது அரைக்கதை. கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்தாலும் அவர் விடை பெரிதாக மாறாது. 1895-லேயே அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி உண்மையான ஓட்டையைக் காட்டினார்: எட்டு மீட்டருக்குள் அளந்த கல்லின் குணம் பூமியின் அடிவயிற்றுக்கும் பொருந்தும்னு யார் சொன்னது? உள்ளே பொருள் நகர்ந்து வெப்பத்தைத் தூக்கிவந்தால் வயது பல மடங்கு கூடும். பெர்ரியை அன்று பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. எடின்பரோ தெர்மாமீட்டர்கள் பொய் சொல்லவில்லை. அவை தொட்டிருந்த கல்லைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லின.

கால்டன் குன்றின் அந்தத் தெர்மாமீட்டர்களை 1876-ல் மனநிலை சரியில்லாத ஒருவர் அடித்து நொறுக்கிவிட்டார். கிட்டத்தட்ட நாற்பது வருஷத் தொடர் அங்கே அறுந்தது. பிறகு புதிதாக வைத்தார்கள்.

இப்போது நாம் புதைக்கும் தட்டு, ஓட்டத்தை நேராகவே அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. தட்டின் மேல்முகத்துக்கும் கீழ்முகத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஒரு சின்ன மின்னழுத்தமாக வெளியே வரும். பழைய வியாதி மட்டும் போகவில்லை. தட்டு மண்ணைவிட நன்றாக வெப்பம் கடத்தினால் சுற்றியுள்ள வெப்பமும் அதற்குள் பாயும். மோசமாகக் கடத்தினால் வெப்பம் சுற்றிக்கொண்டு போய்விடும். 1961-ல் ஜான் பிலிப் இதற்குத் திருத்தச் சூத்திரம் கொடுத்தார், ஆனால் அதில் போட மண்ணின் கடத்துதிறன் தெரிய வேண்டும். அதுவோ மழை பெய்தால் மாறும். தட்டை மேலாகப் புதைத்தால் நீர் இறங்குவதையும் ஆவியாவதையும் மறித்துவிடும் என்று 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கிறோம். அப்புறம் அதற்கு மேலே உள்ள மண் தன்னிடம் பிடித்துவைத்துக்கொண்ட வெப்பத்தைத் தனியாகத் தெர்மாமீட்டர் வைத்துக் கணக்கிட்டுச் சேர்க்கிறோம். குழியின் பக்கச் சுவரில் கத்தியால் கீறி, கலையாத மண்ணுக்குள் தட்டைச் செருக வேண்டும். கேபிளையும் கொஞ்ச தூரம் அதே ஆழத்தில் படுக்கவைத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வெயில் கம்பி வழியாக இறங்கிவரும்.

இதெல்லாம் தெரிந்தும் முதல் தடவை நான் தட்டைத் தலைகீழாகப் புதைத்தேன். உச்சி வெயிலில் மண்ணிலிருந்து வெப்பம் வானத்துக்குப் போவதாக எண் வந்தது. அது சுலபமான தப்பு, கூட்டல் கழித்தல் குறியை மாற்றினால் தீர்ந்தது. பங்குனியில் கரிசல் வெடிக்கத் தொடங்கியதுதான் தீராத பிரச்சினை. எண்கள் சின்னதாகிக்கொண்டே போயின, வெயிலோ கூடிக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால் தட்டின் அடியில் விரல் நுழையும் வெடிப்பு. தட்டு மண்ணை விட்டுவிட்டு வெறும் காற்றை அளந்துகொண்டிருந்திருக்கிறது. எந்த நாளில் விரிசல் விட்டது என்று தெரியாததால் கடைசி மூன்று வார எண்களை மொத்தமாகத் தள்ளினேன்.