நடுவயது மாரத்தான் பயிற்சி

நடுவயது மாரத்தான் பயிற்சி என்பது, முன்னர் நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஈடுபட்டிராத ஒருவர், ஏறத்தாழ 40 முதல் 60 வயதுக்குள், 42.195 கிலோமீட்டர் தொலைவு கொண்ட மாரத்தான் ஓட்டத்தை முதன்முறையாக ஓடி முடிப்பதற்கு மேற்கொள்ளும் திட்டமிட்ட பயிற்சி ஆகும். இவ்வாறு ஓடுவோரில் பெரும்பாலோருக்குப் பரிசு பெறுவது நோக்கமன்று. ஓடி முடிப்பதே நோக்கம். இதயத்தை வலுப்படுத்தும் இதே பயிற்சி, வெளித்தெரியாத இதயநோய் உடையவருக்கு இடராகவும் அமையக்கூடும். ஆதலால் ஓடுவதா, எவ்வாறு தொடங்குவது என்று முடிவெடுக்கும் கட்டம் பயிற்சியைப் போன்றே முக்கியமானதாகும்.

வரலாறு

மாரத்தான் ஓட்டம் 1896 இல் ஏதென்சு நகரில் நடைபெற்ற முதலாவது தற்கால ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டர் தொலைவு, 1921 இல் நியமத் தொலைவாக ஏற்கப்பட்டது. நெடுங்காலம் இது தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்டது. 1970 இல் நடைபெற்ற முதலாவது நியூயார்க் மாரத்தானில் 127 பேரே ஓடத் தொடங்கினர். அவர்களுள் 55 பேர் ஓடி முடித்தனர்.

1970களில் ஐக்கிய அமெரிக்காவில் ஓட்டப் பயிற்சி பொதுமக்களிடையே பெரிதும் பரவியது. 1975 இல் மூத்தோருக்கான முதலாவது உலகத் தடகளப் போட்டிகள் கனடாவின் டொராண்டோ நகரில் நடைபெற்றன. மூத்தோர் தடகளத்தில் 35 வயது முதல் ஐந்தாண்டு இடைவெளியில் வயதுப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

ஜிம் பிக்சு

நடுவயதில் ஓடத் தொடங்குவதன் பயனையும் இடரையும் பற்றிய விவாதத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் ஜிம் பிக்சு (1932-1984). இவர் ஏறத்தாழ 35 வயதில் ஓடத் தொடங்கினார். அப்போது அவர் மிகுந்த உடல் எடையும் புகைப்பழக்கமும் உடையவராக இருந்தார். ஓட்டத்தின் மூலம் எடையைக் குறைத்து, புகைப்பதையும் கைவிட்டார். 1977 இல் ஓட்டம் பற்றி இவர் வெளியிட்ட நூல் பத்து இலட்சத்துக்கும் கூடுதலான படிகள் விற்பனையாகிப் பலரை ஓடத் தூண்டியது.

1984 சூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஓடச் சென்றபோது பிக்சு மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 52. பிணக்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தமை தெரியவந்தது. அவருடைய தந்தையும் இதயநோயால் 43 வயதில் இறந்தவர். ஓட்டமே பிக்சின் இறப்புக்குக் காரணம் என்று சிலரும், ஓட்டம் அவருடைய வாழ்நாளை நீட்டித்தது என்று வேறு சிலரும் வாதிட்டனர். ஒருவரின் வாழ்வைக் கொண்டு இவற்றுள் எதனையும் நிறுவ இயலாது. எனினும், நெடுந்தொலைவு ஓடும் திறன் இதயநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பயனும் இடரும்

ஐக்கிய அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் பங்கேற்ற ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2012 இல் வெளியானது. இவர்களுள் 59 பேருக்கு இதயத்துடிப்பு நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் இந்நிகழ்வு வீதம் கூடுதலாக இருந்தது. ஆகவே இடர் மிகச் சிறியது. ஆனால் இல்லாதது அன்று.

இலண்டன் மாரத்தானை முதன்முறையாக ஓடிய, இதயநோய் அறியப்படாத 138 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2020 இல் வெளியானது. பயிற்சிக்குப் பின் அவர்களுடைய இரத்த அழுத்தமும் பெருந்தமனியின் விறைப்பும் குறைந்தன. இது குருதிக்குழாய்களின் வயது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குறைவதற்கு ஒப்பானது என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். வயது கூடியவர்களும் மெதுவாக ஓடியவர்களும் கூடுதல் பயன் பெற்றனர்.

தொடங்கும் முன்

குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் உடையோர் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். உடல் முயற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், இயல்புக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியன தோன்றினால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும்.

பயிற்சி முறை

பயிற்சித் திட்டங்கள் பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் நீடிக்கும். ஆயினும் இவை ஏற்கனவே சில கிலோமீட்டர் தொடர்ந்து ஓடக்கூடியவரைக் கருதி அமைக்கப்பட்டவை. முற்றிலும் புதியவர் அதற்கு முன் சில மாதங்கள் நடையும் ஓட்டமும் மாறிமாறிச் செய்வது நன்று.

* வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் ஓட்டம். பெரும்பாலான ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அமையும்.
* வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம். இது படிப்படியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரை உயர்த்தப்படும்.
* தசை வலுவைப் பேணும் பயிற்சிகள்.
* இறுதி இரண்டு அல்லது மூன்று வாரங்களில் ஓட்ட அளவைக் குறைத்தல்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டும். தசைநாண்களும் எலும்புகளும் பழக நீண்ட காலம் தேவை. மூச்சு இடம் கொடுக்கிறது என்று தொலைவை விரைந்து கூட்டுவதே புதியவர்களின் முழங்கால், கெண்டைக்கால், குதிகால் காயங்களுக்குப் பொதுவான காரணமாகும். வயது ஏறும்போது தசைகள் மீள்வதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவதால், ஓய்வு நாட்களும் பயிற்சியின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன.

உணவும் நீரும்

உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகக்கூடும். அப்போது ஏற்படும் திடீர்ச் சோர்வைத் தவிர்க்க, ஓடும்போதே மாவுப்பொருள் உட்கொள்ளப்படுகிறது. நீர் மிகுதியாகப் பருகுவதும் தீங்கானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்திற்கு ஏற்ப நீர் பருகுவதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

குறிப்பிடத்தக்கவர்கள்

* பிரிசில்லா வெல்ச்: பிரித்தானியர். முப்பதுகளின் நடுவில் ஓடத் தொடங்கி, 1987 இல் 42 வயதில் நியூயார்க் மாரத்தான் பெண்கள் பிரிவில் வென்றார்.
* பௌஜா சிங்: பஞ்சாபில் பிறந்த பிரித்தானியர். 2000 இல், 89 வயதினராக அறியப்பட்டபோது, இலண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2025 இல் சாலை விபத்தில் இறந்தார்.

இவற்றையும் பார்க்க

* மாரத்தான்
* அரை மாரத்தான்
* மாரடைப்பு