வீடு வாங்குவோரும் தேசவழமையும்

யாழ்ப்பாணத்திலே வீடோ வளவோ வாங்க எண்ணுபவர் விலையைப் பேசுமுன், "உறுதி எப்படி?" என்று வினவுவது வழக்கம். இச்சிறு வினாவின் பின்னே, மூன்று நூற்றாண்டுகளாக எழுத்து வடிவில் நிலைத்துவரும் வழக்காற்றுச் சட்டமொன்று நிற்கின்றது. வீட்டிலே பணத்தை முதலிட விழைவார் கேட்கவேண்டிய கேள்விகளைத் தேசவழமை எவ்வாறு வகுத்துத் தந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சீமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கடமையாற்றிய திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் என்பார் இவ்வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டிற் கையளித்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

வாங்குபவர் அறியவேண்டிய முதலாவது விடயம், சொத்து விற்பவரிடம் எவ்வழியாக வந்தது என்பதாகும். முன்னோர்வழி வந்தது முதுசம். பெண்ணுக்கு விவாகத்தின்போது அளிக்கப்பட்டது சீதனம். இல்லறத்திலிருந்து ஈட்டியது தேடியதேட்டம். இப்பாகுபாடு வெறும் சொல்வேறுபாடன்று. தேடியதேட்டமான வீட்டின் உரிமையாளருள் ஒருவர் உயிலெழுதாது இறப்பின், அவர் பங்கு வாரிசுகளைச் சாரும். ஆகவே எஞ்சியிருக்கும் துணையின் கையொப்பத்தை மட்டும் நம்பி முழு விலையையும் கொடுப்பவர் வீட்டின் ஒரு பங்கையே பெறுவார். சீதன வீட்டின் நிலையோ வேறு. அது மனைவியின் தனிச்சொத்தேயாயினும், கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி அவள் அதனை விற்கலாகாதென 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. மகளுக்கு வீடு கொடுத்து வாழவைத்த சமூகம், அவ்வீட்டை ஆளும் அதிகாரத்தை அவளிடம் முழுமையாக ஒப்படைக்கவில்லை என்பது கருத்தூன்றி நோக்கற்பாலது.

இரண்டாவது வினா, இவ்வீட்டை வாங்க நம்மினும் முந்திய உரிமை உடையார் உளரோ என்பதாகும். பழைய தொகுப்பின்படி, காணியை விற்க எண்ணுபவர் தம் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அக்காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயலவர்க்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும். அவர்கள் அதே ஊரவராயின் ஒரு மாதமும், அதே பகுதியின் வேற்றூரவராயின் இரு மாதமும், பிற பகுதியினராயின் மூன்று மாதமும், வெளிநாட்டவராயின் ஓராண்டும் தவணை அளிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் இம்முறை மாறி, விற்பனை எண்ணத்தைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அறிவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளர்க்கும், விற்பவர் உயிலின்றி இறப்பின் அவருக்கு வாரிசாகக்கூடியோர்க்கும் மட்டுமெனச் சுருக்கியது. இவ்வுரிமை வடமாகாணக் காணியையே பற்றி நிற்பதால், வாங்குபவர் எவ்வினத்தவராயினும் இதற்குக் கட்டுப்பட்டவராவார். அறிவித்தலின்றி முடித்த கொள்வனவு பின்னர் நீதிமன்றத்திற் கேள்விக்குள்ளாகலாம்.

மூன்றாவது வினா, வீடோ காணியோ ஒற்றியில் உள்ளதா என்பதாகும். ஒற்றியில், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் பயனை நுகர்வார். உரிமை கடன் பெற்றவரிடமே இருக்கும். வங்கிகள் தோன்றுமுன் கையிற் பணமுடையார்க்கு இதுவே சிறந்த முதலீடாயிருந்தது. விளைநிலமாயின் பயிரின் காலத்தையொட்டியே மீட்பு நிகழவேண்டுமென்ற வரையறையும் இருந்தது. உழைப்பிட்டவர் விளைவை இழத்தலாகாது என்ற நீதி இதிற் புலனாகின்றது. எனவே வீட்டில் இருப்பவரெல்லாம் உரிமையாளரெனக் கொள்ளுதல் தவறாகும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டுமென்றது. பின்னர் வந்த பதிவுமுறை, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கும் வாய்ப்பையும் அளித்தது. எனினும் ஏட்டில் மட்டும் எல்லாம் அடங்கிவிடவில்லை. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலும் அதற்கு முன்பின்னான போர்க்காலத்திலும் உறுதிகள் பல அழிந்தன. பங்காளர் கடல் கடந்து சிதறினர். ஓராண்டுத் தவணையைப் பெற்ற வெளிநாட்டவர் ஒருகால் அருகியவராயிருந்தனர். இன்றோ ஒரே வளவின் பங்காளர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் வாழ்கின்றனர்.

தேசவழமை சந்தையின் வேகத்துக்குத் தடையெனக் கூறுவாருளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பெண்ணின் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதி திருத்தப்படவேண்டியதே. ஆனால் விற்குமுன் உரியாரைக் கேள் என்ற விதி, ஊரைவிட்டு ஓட நேர்ந்தவரின் பங்கினை அவரறியாமற் பறிபோகாது காக்கவல்லது. உறுதியை வாசித்துப் பதிவகத்திலே தேடியபின், அவ்வூரின் முதியவர் ஒருவரிடமும் சென்று அவ்வளவின் கதையைக் கேட்பது வாங்குவோர்க்கு நன்மை பயக்கும். "உறுதி எப்படி?" என்ற வினா, அங்கில்லாதவரையும் கணக்கிலெடுக்கும் வினாவாகும்.